கனிய எண்ணெயா, செயற்கை எண்ணெயா?

எண்ணெய் என்றால் எல்லாம் எண்ணெய்தானே என்று எண்ணுவோர் நம்மில் அநேகர். அடுக்களையில் மட்டும் எவரும் அவ்வாறு எண்ணுவதில்லை. தோசைக்கு நல்லெண்ணெய், பொரியலுக்குத் தேங்காயெண்ணெய் என்று அங்கே முறை வகுக்கப்பட்டிருக்கிறது. யந்திரம் என்று வந்துவிட்டாலோ, கைக்கு எட்டிய போத்தலில் உள்ளதை விட்டுவிட்டுக் கடவுளை வேண்டிக்கொள்வதே நம்மவர் வழக்கம். இவ்வழக்கம் என் அத்தானை ஒரு நாள் யந்திரத்தோடு குளத்துக்குள் தள்ளப் பார்த்தது. அதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதை வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அத்தான் தென்மராட்சியிற் பிறந்தவர். கனடாவுக்குச் சென்று தொழிற்சாலை வேலையில் உழைத்து ஓய்வு பெற்றபின், ஒன்ராறியோ மாகாணத்திற் கிராமப்புறமாக இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு வீடும் வாங்கினார். வீட்டைச் சுற்றிப் புற்றரை. அதன் பின்புறம் சரிந்து சென்று ஒரு சிறு குளத்தில் முடிகிறது. அந்நாட்டிற் புற்றரை வைத்திருப்பது சிறு காரியமன்று. ஏப்ரல் இறுதியிற் பனி கரைந்து புல் தலைகாட்டியது முதல், இலையுதிர் காலம் முடியும்வரை வாரந்தோறும் வெட்டியாக வேண்டும். வெட்டாது விட்டால் அயலவர் முகம் சுழிப்பர்; சில ஊர்களில் நகரசபையிலிருந்து கடிதமும் வரும். இரண்டு ஏக்கரைத் தள்ளிச் சென்று வெட்ட வயது இடந்தராததால், ஏறியிருந்து ஓட்டும் புல்வெட்டும் யந்திரம் ஒன்றைப் பழையதாக வாங்கினார் அத்தான்.

புல்வெட்டும் யந்திரத்தை முதன்முதல் ஆக்கியவர் இங்கிலாந்தின் ஸ்ரவுட் என்னும் ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங். அவர் அதற்குக் காப்புரிமை பெற்றது 1830ஆம் ஆண்டில். அது தள்ளிச் செல்லும் கருவி. இன்றைய யந்திரமோ சிறிய உழவு யந்திரம் போன்றது. முன்னே எஞ்சின், நடுவில் வயிற்றின் கீழ் வெட்டும் அலகுகள், மேலே ஆசனம். அத்தான் வாங்கியதில் கியர் மாற்றும் தண்டு இல்லை. வலக்காலின் கீழ் மிதி ஒன்று. முன்னே அழுத்தினால் முன்னே செல்லும், பின்னே அழுத்தினாற் பின்னே செல்லும். இவ்வகை யந்திரத்தின் செலுத்தும் பாகத்தை ‘ஹைட்ரோஸ்ரற்றிக்’ செலுத்தி என்பர். நம் கதையின் நாயகன் அதுவே.

மேட்டில் நிகழ்ந்தது

சென்ற ஆண்டு கோடையில் நான் அங்கு விருந்தினனாகச் சென்றிருந்தேன். ஜூலை மாதத்து நண்பகல். அத்தான் ஒரு மணி நேரத்திற்கு மேலாகப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். பின்புறச் சரிவில் ஏறும்போது யந்திரம் வேகம் குறைந்து நின்றது. எஞ்சினோ முன்போலவே முழங்கிக்கொண்டிருந்தது. அவர் மிதியை முற்றாக அழுத்தினார், பயன் இல்லை. பின்னர் அது மெல்ல மெல்லப் பின்னோக்கி நகரத் தொடங்கியது. பின்னால் இருப்பது குளம்.

குசினி யன்னலூடாக இதைக் கண்ட அக்கா கூவியபடி வெளியே ஓடினார். அத்தான் இடக்காலால் நிறுத்துமிதியை அழுத்திப் பூட்டிவிட்டு இறங்கி நின்றார். யந்திரத்துக்கும் நீருக்கும் இடையே பத்தடி தூரமிருக்கும். அவர் முகத்தில் வியர்வையைத் தவிர வேறு மாற்றம் இல்லை. அக்காவுக்குத்தான் கைகால் நடுக்கம் அன்றிரவுவரை தீரவில்லை.

மாலையில், வெயில் தணிந்தபின், யந்திரத்தை இயக்கிப் பார்த்தோம். ஒன்றும் நடவாதது போல அதே மேட்டில் ஏறியது!

“பார்த்தீரா தம்பி, எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கும் வெயில் பிடிக்கவில்லைப் போலும்,” என்றார் அத்தான்.

“அதன் செலுத்திக்கு எப்போது எண்ணெய் மாற்றினீர்கள், அத்தான்?” என்று கேட்டேன்.

“மாற்றுவதா? வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை என்றல்லவா விற்றவர் சொன்னார்! யாருடைய வாழ்நாள் என்று கேட்க மறந்துவிட்டேன்.”

அவருடைய அலட்சியத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இளமையில் அவர் ஓட்டியது லான்ட்மாஸ்ரர் என்னும் இருசில்லு உழவு யந்திரம். பின்னர், 1990களிற் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்திற் பெற்றோல் கிடையாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறை அவருடையது. கிடைத்ததைக் கொண்டு யந்திரத்தை ஓட வைப்பதே அன்று திறமை எனப்பட்டது. அது உயிர் காத்த திறமையுமாகும். அத்தகைய ஒருவரிடம், “இந்த எண்ணெய் ஆகாது, அதுவே வேண்டும்” என்று சொன்னால், அது பணக்காரர் பேச்சாகவே அவர் செவியில் விழும்.

எண்ணெயே சக்கரத்தைச் சுழற்றுகிறது

அயலில், உழவு யந்திரங்களைத் திருத்தி ஓய்வு பெற்ற கனேடியப் பெரியவர் ஒருவர் இருந்தார். மறுநாள் அவரை அழைத்து வந்தோம். அவர் முதலில் எண்ணெயைப் பற்றிப் பேசவே இல்லை. ஆசனத்தின் கீழே குனிந்து, செலுத்திப் பெட்டியின் மேலிருந்த சிறு விசிறியைச் சுட்டிக்காட்டினார். விசிறியும் அதன் கீழுள்ள உலோக வரிகளும் காய்ந்த புல்லினால் அடைபட்டுக் கிடந்தன. பெட்டி தன் சூட்டை வெளியே விடுவதற்கு அமைந்த வழி அதுதான். “முதலில் இதற்கு மூச்சு விடுங்கள்,” என்றார் அவர்.

பின்னர் அவர் விளக்கியதை நான் விளங்கிக்கொண்டவாறு தருகிறேன். சாதாரண கியர்ப் பெட்டியில் ஒரு பற்சில்லு மற்றொரு பற்சில்லைத் தள்ளுகிறது. எண்ணெய் அவற்றின் இடையே வழுக்கலைத் தரும் பணியாள் மட்டுமே. ஹைட்ரோஸ்ரற்றிக் செலுத்தியிலோ, எஞ்சினின் விசையைச் சுமந்து செல்வதே எண்ணெய்தான். எஞ்சின் ஒரு பட்டியினாற் பெட்டியினுள் உள்ள பம்பியைச் சுழற்றுகிறது. பம்பியில் விரலளவான பிஸ்ரன்கள் வட்டமாக அமைந்திருக்கின்றன. அவற்றின் முனைகள் ஒரு தட்டின்மேல் உராய்கின்றன. தட்டு நேராக நிற்கும்போது பிஸ்ரன்கள் உள்ளும் புறமும் அசைவதில்லை, யந்திரமும் நிற்கும். மிதியை அழுத்தினால் தட்டு சாய்கிறது. பிஸ்ரன்கள் ஓடி எண்ணெயை அழுத்தித் தள்ளுகின்றன. அவ்வெண்ணெய் அடுத்துள்ள மோட்டாரைச் சுழற்ற, சக்கரம் உருளுகிறது. தட்டை மறுபுறம் சாய்த்தாற் சக்கரமும் மறுபுறம் உருளும். மிதியை விட்டுவிட்டால் எண்ணெய் போக வழியின்றி அடைபட்டு நிற்கும், யந்திரமும் நிற்கும். ஆகவே செலுத்துவதும் எண்ணெய், தடுத்து நிறுத்துவதும் எண்ணெய்.

இந்த முறை புதியதன்று. 1906ஆம் ஆண்டில் அமெரிக்கப் போர்க்கப்பலான வேர்ஜீனியாவில் பீரங்கியை உயர்த்தித் தாழ்த்த இத்தகைய எண்ணெய்ப் பம்பி பயன்பட்டது. 1954இல் இங்கிலாந்தின் விவசாயப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இம்முறையில் ஓடும் உழவு யந்திரத்தைச் செய்து காட்டியது. 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வீட்டுத் தோட்டத்துச் சிறு உழவு யந்திரங்களுக்கும் அது வந்து சேர்ந்தது.

பிஸ்ரனுக்கும் அது ஓடும் குழிக்கும் உள்ள இடைவெளி தலைமயிரின் தடிப்பிலும் மிகக் குறைவு. எண்ணெய் தடிப்பாக இருக்கும்வரை அவ்விடைவெளியூடாக அதிகம் கசியாது. சூடேறி எண்ணெய் தண்ணீர் போலானாலோ, தள்ளப்பட்ட எண்ணெய் சக்கரத்தை உருட்டாமல் அவ்விடைவெளியால் நழுவித் திரும்பிவிடும். குளிர்ந்திருக்கையில் ஏறிய யந்திரம் சூடேறியதும் மேட்டில் நின்றதும், பின்னே நழுவியதும் இதனாலேதான். பழுதாகியது எஞ்சினன்று, விசையைச் சுமக்கும் எண்ணெய் தன் சுமையைக் கீழே போட்டுவிட்டது.

இரண்டு கட்சிகள்

எண்ணெய் மாற்ற வேண்டும் என்பதில் அதன்பின் கருத்து வேற்றுமை இல்லை. எதை விடுவது என்பதிலேதான் வீடு இரண்டுபட்டது.

அத்தானின் கொட்டிலில் மோட்டார் காருக்கு வாங்கிய மலிவான கனிய எண்ணெய் ஒரு கலன் இருந்தது. அதனையே விடலாம் என்பது அவர் கட்சி. அவருடைய மகன் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தான். “மாமா, அப்பாவுக்கு நீங்களாவது சொல்லுங்கள். ஆக விலை கூடிய செயற்கை எண்ணெயை விட்டால் எல்லாம் சரியாகிவிடும்,” என்பது அவன் கட்சி. இருவரும் தவறு என்று அயற்பெரியவர் தீர்ப்பளித்தார்.

இரண்டு எண்ணெய்களுக்கும் உள்ள வேற்றுமையை முதலில் அறிவது நன்று. நிலத்திலிருந்து எடுத்த மசகெண்ணெயைக் காய்ச்சி வடித்துச் சுத்திகரித்துப் பெறுவது கனிய எண்ணெய். அதில் நீண்டதும் குட்டையுமாகப் பலவகை மூலக்கூறுகள் கலந்திருக்கும். செயற்கை எண்ணெய் என்பது, வேண்டிய அளவான மூலக்கூறுகளை இரசாயன முறையில் இணைத்து ஆக்கப்படுவது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜேர்மனியில் இதில் ஊக்கத்தோடு உழைத்தார்கள். 1970களில் மோட்டார் வண்டிக்காரர் வாங்கும் கடைக்கு இது வந்தது. கனிய எண்ணெயைக் கடுமையாகப் பதப்படுத்தி மூலக்கூறுகளை மாற்றியமைத்த வகையையும் செயற்கை என்று விளம்பரப்படுத்தலாம் என்று 1999இல் அமெரிக்க விளம்பர ஒழுங்குச் சபையொன்று கருத்துக் கூறியது. எனவே போத்தலில் உள்ள பெயர் எப்போதும் ஒரே பொருளைக் குறிப்பதில்லை என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

இலக்கம் சொல்வது என்ன?

பெயரைவிட முக்கியமானது இலக்கம். அத்தானுடைய யந்திரத்தின் கைந்நூலைத் தேடி எடுத்தபோது, செலுத்திக்கு 20டபிள்யூ-50 எஞ்சின் எண்ணெய் என்று அச்சிட்டிருந்தது. கொட்டிலில் இருந்ததோ 5டபிள்யூ-30. இதில் முன்னிலக்கம் குளிரில் எண்ணெய் ஓடும் தன்மையையும், பின்னிலக்கம் 100 பாகை செல்சியஸில் அதன் தடிப்பையும் குறிக்கும். அந்த வெப்பநிலையில் 30 என்னும் இலக்கத்தின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 வரை, 50 என்னும் இலக்கத்தின் பாகுத்தன்மை 16.3 முதல் 21.9 வரை. அத்தான் தம் எண்ணெயை விட்டிருந்தால், மேட்டில் நின்ற யந்திரம் சமதரையிலும் தளர்ந்திருக்கும்.

மகனின் கட்சிக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஒரே இலக்கமுள்ள கனிய எண்ணெயும் செயற்கை எண்ணெயும், புதிதாக இருக்கும்போது, 100 பாகையில் ஏறத்தாழ ஒரே தடிப்பானவை. அவ்வாறாயின் கூடிய விலை எதற்கு? காரணங்கள் மூன்று.

முதலாவது, சூட்டிலும் குளிரிலும் செயற்கை எண்ணெயின் தடிப்பு குறைவாகவே மாறும். 20டபிள்யூ-50 கனிய எண்ணெய் 40 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேறும்போது அதன் தடிப்பு ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். 15டபிள்யூ-50 செயற்கை எண்ணெயில் அது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. ஆகவே 100 பாகைக்கு மேற் சூடேறும்போதும், வசந்தகாலக் குளிர்காலையில் யந்திரத்தை எழுப்பும்போதும், செயற்கை எண்ணெயின் கை ஓங்கும்.

இரண்டாவது, கனிய எண்ணெய்க்கு இரண்டு இலக்கங்களும் அமைவதற்காக நீண்ட இழை போன்ற சேர்க்கைப் பொருளை அதிகம் கலக்கிறார்கள். பம்பியில் அரைபட அரைபட அவ்விழைகள் அறும். எண்ணெய் தன் இலக்கத்திலிருந்து தாழும். செயற்கை எண்ணெய்க்கு இச்சேர்க்கை குறைவாகவே தேவைப்படும்.

மூன்றாவது, சூட்டில் ஒட்சிசனோடு சேர்ந்து கறுத்துப் பசையாவது செயற்கை எண்ணெயில் மெதுவாகவே நிகழும்.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தாற் பெறப்படும் முடிவு இது: முதல் நாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, காலம் செல்லச் செல்லத்தான் வேற்றுமை வளரும். சமதரையில், சிறு தோட்டத்தில், முறை தவறாது எண்ணெய் மாற்றுபவருக்குக் கைந்நூல் அனுமதிக்கும் கனிய எண்ணெய் போதும். மேடு பள்ளமுள்ள நிலத்தில், கடும் வெயிலில், நெடுநேரம் ஓட்டுபவருக்கும், எண்ணெய் மாற்றுவது கடினமான பெட்டியை உடையவருக்கும் செயற்கை எண்ணெயின் விலை வீணன்று. கைந்நூலே செயற்கை எண்ணெய் வேண்டும் என்று சொன்னால் ஆராய்ச்சிக்கு இடமே இல்லை.

பழையது கழிந்தது

அத்தானுடைய பெட்டியில் எண்ணெயை வடிக்கத் துவாரம் இல்லை. மலிவான யந்திரங்களிற் பலவும் அப்படியே. பெட்டி முழுவதையும் கழற்றிக் கவிழ்த்துத்தான் வடிக்க வேண்டும். மகனும் பெரியவரும் அரை நாள் உழைத்துக் கழற்றினார்கள். வடிந்த எண்ணெய் கறுத்து, நீராக ஓடியது. உள்ளிருந்த காந்தத்தில் உலோகத் தூள் மை போலப் படிந்திருந்தது.

“இது எண்ணெயன்று, பற்களின் சாம்பல்,” என்றார் அத்தான். அதன்பின் மலிவான கலனைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

மேடு இருப்பதாலும், மறுமுறை பெட்டியைக் கழற்ற எவருக்கும் மனம் வராது என்பதாலும், 20டபிள்யூ-50 இலக்கமுள்ள செயற்கை எண்ணெயே விடுவதென்று முடிவாயிற்று. இரண்டு லீற்றருக்குச் சற்று மேல் பிடித்தது. விலை கனிய எண்ணெயைப்போல் இரு மடங்குக்கும் கூட. ஆயினும் புதிய செலுத்திப் பெட்டி ஒன்றின் விலை பல நூறு டொலர் என்பதை நினைத்தால் அது சிறு தொகையே.

எண்ணெய் விட்டதோடு வேலை முடியவில்லை. உள்ளே அகப்பட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். எண்ணெயைப்போலன்றிக் காற்று அமுங்கிவிடுமாகையால் விசை சக்கரத்தைச் சென்றடையாது. பின்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, முன்சக்கரங்களுக்கு அணை கொடுத்து, விடுவிக்கும் நெம்பைத் திறந்துவைத்து, மிதியை முன்னும் பின்னுமாக ஐந்தாறு முறை மெதுவாக இயக்கினார்கள். பின் நெம்பை மூடி மீண்டும் அவ்வாறே செய்தார்கள். எண்ணெய் மட்டம் சற்றுத் தாழ்ந்தது, அதை நிரப்பினார்கள். அந்த விடுவிக்கும் நெம்பு யந்திரத்தைக் கையாற் தள்ளிச் செல்வதற்கானது. சரிவில் நிற்கும்போது அதைத் திறந்தால் யந்திரத்தைத் தடுக்க எண்ணெய் இராது, தானே உருண்டுவிடும். குழந்தைகள் அதனருகே போகலாகாது.

யந்திரம் மீண்டும் மேட்டில் ஏறியது. ஆனால், உண்மையைச் சொல்ல வேண்டும்: புதியது போல் ஏறவில்லை. ஒன்றரை மணி நேரத்தின் பின் சிறிது தளரவே செய்தது. “தேய்ந்த உலோகத்தை எந்த எண்ணெயும் வளர்க்காது,” என்று பெரியவர் முன்னரே சொல்லியிருந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே எண்ணெயை மாற்றியிருந்தால் பெட்டி பிழைத்திருக்கும். இப்போது அதன் ஆயுள் சற்று நீண்டது, அவ்வளவே. அறியாமையின் விலையை எண்ணெய்க் கடையிற் கட்டித் தீர்க்க முடியாது.

ஆகவே அத்தான் வேறொரு முடிவும் செய்தார். சாய்வு 15 பாகைக்கு மேற்பட்ட இடத்தில் ஏறியிருந்து ஓட்டும் யந்திரத்தைக் கொண்டு செல்லலாகாது என்பது இத்தகைய யந்திரங்களின் கைந்நூல்களிற் பொதுவாகக் காணப்படும் விதி. நூறு அடி செல்ல ஏறத்தாழ 27 அடி உயரும் மேடு அது. ஏற்ற இடத்திலும் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், குறுக்காக ஓட்டலாகாது. குளத்தை ஒட்டிய துண்டு நிலத்தை அத்தான் இப்போது வெட்டுவதில்லை. அங்கே காட்டுப் பூக்கள் பூத்திருக்கின்றன. நகரசபையிலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை, தேனீக்கள்தான் வருகின்றன.

நம் நாட்டுக்கும் இது பொருந்தும்

புற்றரை வெட்டும் யந்திரம் நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். இன்று கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் நெல் அறுவடை செய்யும் கொம்பைன் யந்திரங்களிற் பல இதே ஹைட்ரோஸ்ரற்றிக் முறையில் ஓடுகின்றன. அவற்றுக்குரிய எண்ணெய் வேறு. புல்வெட்டியின் எண்ணெயை அவற்றுக்கு விடலாகாது. ஆனால் விதி ஒன்றே. கைந்நூல் கூறும் இலக்கத்தைப் பார்க்க வேண்டும். கூறும் மணிக்கணக்கில் மாற்ற வேண்டும். விசிறியையும் குளிர்விக்கும் வரிகளையும் வைக்கோல், தூசி இன்றி வைத்திருக்க வேண்டும். போத்தலைத் திறக்குமுன் அதன் வாயைத் துடைக்க வேண்டும், ஏனெனில் தலைமயிரிலும் சிறிய இடைவெளிக்கு ஒரு மணல் துகளே எமனாகும்.

நான் விடைபெற்ற அன்று காலை, அத்தான் கொட்டிலிற் சுவரில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருந்தார். எண்ணெய் மாற்றிய திகதியும், அடுத்து மாற்ற வேண்டிய நாளும் அதில் எழுதப்பட்டிருந்தன.

“லான்ட்மாஸ்ரர் நாம் செய்த பிழையெல்லாம் மன்னித்தது தம்பி,” என்றார். “இது மன்னிக்காது. பிழை செய்தவரை நேரே குளத்துக்குத்தான் கொண்டுபோகும்.”

அக்கா யன்னலடியில் நின்று சிரித்தார். சென்ற சில நாட்களில் அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.